தெரியாது என்றொரு கட்டளை

அலுவலகத்துக்குக் கிளம்புவதற்குள் சம்யுக்தா மூன்று பொய் சொல்லியிருந்தாள். போனில் சாப்பிட்டாயா என்று கேட்ட அம்மாவிடம் சாப்பிட்டாச்சு என்றாள். இன்னும் பல்கூடத் துலக்கியிருக்கவில்லை. எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்ட முதலாளியிடம் லட்சுமி மில் நிறுத்தம் தாண்டிவிட்டதாகச் சொன்னாள். அப்போது அவள் தோளில் ஈரத் துண்டு கிடந்தது. நாடகத்தில் நான் எழுதிய புதுக் காட்சியைப் படித்துப் பார்த்தாயா என்று கேட்ட கணவனிடம், "நல்லாருக்குங்க" என்றாள். படித்திருந்தாள். நன்றாக இல்லை.

மூன்றில் எதுவும் அவளை உறுத்தவில்லை. ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் அவற்றை உடனே மறந்தும் போனாள்.

அவள் வேலை பார்த்த நிறுவனம் பீளமேட்டில் இருந்தது. சிறிய நிறுவனம், மருத்துவமனைகளுக்கான கருவிகள் செய்வது. சில வருடங்களாக அங்கே எல்லோரும் ஒரே ஒரு கருவிக்காக உழைத்துக்கொண்டிருந்தார்கள். மாதம் நிறையாமல் உள்ளங்கையளவில் பிறந்துவிடும் குழந்தைகளுக்கு மூச்சுக்குத் துணை நிற்கும் கருவி. ஏற்கெனவே இருந்தவை கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கானவை. இத்தனை சின்ன நுரையீரலுக்குள் அவை ஊதினால் புயல் புகுந்த மாதிரி. சம்யுக்தாவின் கருவி அப்படி ஊதாது. குழந்தை தானாக இழுக்கப் பார்க்கும் அரைகுறை மூச்சைக் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் கைகொடுக்கும். அதற்குச் சிட்டு என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

மனிதர்கள் கணினி நிரல் எழுதுவது அப்போது அநேகமாக நின்றுபோயிருந்தது. இன்னது வேண்டும் என்று சொன்னால் இயந்திரமே எழுதித் தந்துவிடும். ஆனால் ஓர் உயிர் அந்த நிரலை நம்பியிருக்குமானால், கருவியை நன்றாக அறிந்த ஒரு மனிதர் அதை வரிவரியாகப் படித்து, புரிந்துகொண்டு, கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். சிட்டுவுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவள் சம்யுக்தா. வேறு யாருக்கும் சிட்டு அவ்வளவு பரிச்சயமில்லை.

அன்று காலை முதலாளி அமலநாதன் அவளை அறைக்குக் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். பச்சிளங்குழந்தைகளுக்கான கருவி என்றால், இனிமேல் வெரா என்ற நிரல் மொழியில் எழுதியிருந்தால்தான் அரசின் அனுமதிக் குழு கையிலேயே வாங்குமாம். சிட்டுவின் நிரலை வெராவுக்கு மாற்ற இயந்திரத்துக்கு அரை மணி நேரம் போதும். படித்துக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும்.

சொல்லிவிட்டு, மேசை மேல் இருந்த தொப்பியை அவள் பக்கம் நகர்த்தினார்.

தொப்பி என்பது எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம். தூங்கும்போது மாட்டிக்கொண்டால் போதும், படிக்க வேண்டியது தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊரில் பாதிப் பேர் அதைப் போட்டு எதையாவது கற்றிருந்தார்கள். அமலநாதன்கூட அப்படித்தான் ஜெர்மன் பேசினார். ஆனால் வெராவைப் பற்றி மட்டும் ஒரு பேச்சு இருந்தது. தொப்பி போட்டு வெரா கற்றவர்களுக்கு அதற்கப்புறம் பொய் வராது என்பார்கள். தொப்பிக் கம்பெனி அதை ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

"ஊர்ல ஆயிரம் சொல்லுவாங்க அம்மணி, எல்லாத்தையும் நம்ப முடியுங்களா?" என்றார் அமலநாதன்.

"லிடியா என்கூடப் படிச்சவ சார்" என்றாள் சம்யுக்தா.

லிடியாவை அவருக்கும் தெரியும்.

லிடியா வேறொரு நிறுவனத்தில் சிறுநீரகக் கருவிக்குக் கையெழுத்துப் போடுபவள். இரண்டு வருடங்களுக்கு முன் தொப்பி போட்டு வெரா கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு நண்பர்கள் அவளை விசேஷங்களுக்கு அழைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரு புதுமனைப் புகுவிழாவில், வீடு எப்படி என்று கேட்டவரிடம் சமையலறை இருட்டு, காற்றே வரவில்லை என்று சொல்லியிருந்தாள். அவளுக்கு நிச்சயமாகியிருந்த பையன், என்னைவிட நல்லவனைப் பார்த்திருக்கிறாயா என்று விளையாட்டாகக் கேட்டான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்று பேரின் பெயரைச் சொன்னாள். கல்யாணம் நின்றுபோனது.

சாயங்காலம் காந்திபுரத்தில் ஒரு பேக்கரியில் இருவரும் சந்தித்தார்கள். சம்யுக்தாவைப் பார்த்ததும், குண்டாகிவிட்டாய் என்றாள் லிடியா. பிறகு, பார்த்தது சந்தோஷமாக இருக்கிறது என்றாள். முதலாவதைக் கேட்டு முகம் சுருங்கிய சம்யுக்தாவுக்கு இரண்டாவதைக் கேட்டதும் சட்டென்று மனம் குளிர்ந்தது.

வெராவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டாள்.

"பழைய மொழியில, இந்தக் குழாய்ல காத்து வருதுன்னு நீ எழுதினா மெஷின் சரின்னு எடுத்துக்கும்" என்றாள் லிடியா. "வெரா எடுத்துக்காது. உனக்கு எப்படித் தெரியும்னு கேக்கும். சென்சார் சொல்லுச்சும்பே. சென்சார் சரியாத்தான் சொல்லுதுன்னு எப்படித் தெரியும்னு கேக்கும். நீ பதில் சொல்ற வரைக்கும் அடுத்த வரிக்கு விடாது."

"பதில் தெரியலைன்னா?"

"தெரியாதுன்னு எழுதணும். அது ஒரு கட்டளை. எழுதிட்டு, அப்படி ஒண்ணு நடந்தா யாரு பாத்துக்கணும்னும் எழுதணும். அப்பத்தான் விடும்."

பொய் சொல்ல முயன்றால் என்ன ஆகும் என்று சம்யுக்தா கேட்டாள். தொண்டையில் ஒரு தயக்கம் வருகிறது, அவ்வளவுதான், அதற்குமேல் முயன்று பார்க்கத் தோன்றவில்லை என்றாள் லிடியா. யாராவது போன் செய்து எங்கே இருக்கிறாய் என்றால் இன்னும் கிளம்பவே இல்லை என்றுதான் வருகிறதாம்.

"சந்தோஷமா இருக்கியாடி?"

லிடியா டீயைக் குடித்து முடிக்கும் வரை யோசித்தாள். "பாதி நாள் இருக்கேன்" என்றாள்.

வீடு திரும்பும் வழியில் சம்யுக்தா அமலநாதனைப் பற்றியோ அம்மாவைப் பற்றியோ கவலைப்படவில்லை. நவநீதனைப் பற்றித்தான் கவலைப்பட்டாள்.

நவநீதன் அவள் கணவன். ஜவுளி இயந்திரங்கள் வடிவமைக்கும் வேலையை விட்டுவிட்டு நகைச்சுவை நாடகம் எழுதிக்கொண்டிருந்தான். நாலைந்து பேர் சேர்ந்த ஒரு குழு வைத்திருந்தான். கல்லூரிகளிலும் அடுக்ககங்களிலும் மேடை போடுவார்கள். இதுவரை மூன்று நாடகங்கள். மூன்றிலும் கூட்டம் இடைவேளையில் கலைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் எழுதியதை முதலில் சம்யுக்தாவிடம்தான் கொடுப்பான். அவள் படிக்கும்போது எதிரில் உட்காராமல் துணி மடிப்பான், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான், காது மட்டும் இங்கே இருக்கும். அவள் நல்லாருக்குங்க என்றதும் விறைத்திருந்த அவன் தோள் நிம்மதியாக இறங்கும். அதைப் பார்ப்பதற்காகவே அவள் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது நாலாவது நாடகம் பாதியில் இருந்தது. இந்த நேரத்தில் பொய் வராமல் போய்விட்டால்?

மறுநாள் அவள் அமலநாதனிடம் வெரா கற்றுக்கொள்வதாகச் சொன்னாள். ஆனால் தொப்பி வேண்டாம். பழைய முறையில், பாடம் படித்து, பயிற்சி செய்து கற்றுக்கொள்வாள்.

கையால் மாவாட்டப் போகிறேன் என்று சொன்னவளைப் பார்ப்பதுபோல் அமலநாதன் அவளைப் பார்த்தார். இந்தக் காலத்தில் யார் படித்துக் கற்றுக்கொள்கிறார்கள், தொப்பியில் இரண்டு வாரத்தில் முடிகிற காரியத்துக்கு மாதக்கணக்கில் ஆகுமே என்றார். ஆகும்தான் என்றாள். அவர் நெடுநேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்துவிட்டு, டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார்.

டாக்டர் மீனலோசனி பச்சிளங்குழந்தைகள் பிரிவின் தலைவர். சிட்டுவுக்காகக் காத்திருந்தவர். தாமதமாகும் என்று கேட்டதும் அவர் கோபப்படவில்லை. நேற்று ஐந்நூறு கிராமில் ஒரு பெண் குழந்தை வந்திருக்கிறது, பழைய கருவியோடு சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்று மட்டும் சொல்லி போனை வைத்தார். கோபப்பட்டிருந்தால் சம்யுக்தாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்தத் தாமதம் தன்னுடையது, தன் வீட்டு நிம்மதிக்காக வந்தது என்பது அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே மிகவும் வேகமாகப் படித்தாள்.

தொப்பி ஏன் வேண்டாம் என்று நவநீதன் கேட்டபோது, தலைவலி வருமாம் என்று சொல்லிவைத்தாள்.

முதல் சில வாரங்கள் அவமானமாக இருந்தன. இருபது வருட அனுபவக்காரி, ஒரு விளக்கை எரியவிட்டு அணைக்கும் நிரலை எழுத நாள் முழுக்க மல்லுக்கட்டினாள். விளக்கு எரிகிறது என்று எழுதினாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டது வெரா. மின்சாரம் பாய்கிறதே என்றாள். பல்பு கெட்டுப்போகவில்லை என்று எப்படித் தெரியும் என்றது. அவள் திரையைப் பார்த்துத் திட்டினாள். சமையலறையிலிருந்து நவநீதன் யாரைத் திட்டுகிறாய் என்று எட்டிப் பார்த்தான்.

ஒருநாள் வேறு வழியில்லாமல் முதல் தடவையாகத் தெரியாது என்று எழுதினாள். நிரல் ஓடியது. பச்சைக் கோடு திரையின் அந்தக் கோடிக்கு ஓடி நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை தெரியாது என்று சொன்னதற்காக யாரும் அவளுக்குப் பச்சைக் கோடு போட்டதில்லை.

அதற்கப்புறம் அந்த மொழி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பல வருடங்களுக்குப் பிறகு எதையோ தானாகக் கற்கிறோம் என்ற குதூகலம். குளிக்கும்போது விடை தோன்றி, ஈரத்தோடு ஓடிவந்து எழுதினாள். பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டாள். சிட்டுவின் நிரலைப் புதிதாகப் படித்தபோது, தானே பெற்ற பிள்ளையை முதன்முறை வெளிச்சத்தில் பார்ப்பதுபோல் இருந்தது. இத்தனை நாள் தெரியும் என்று நினைத்திருந்த பலவற்றை வெறுமனே நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒவ்வொன்றாகச் சோதித்து, நிரூபித்து முடித்தாள். கடைசியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் தெரியாது என்று நின்றது. குழந்தைக்கு விக்கல் வந்தால் சிட்டு அதை மூச்சு என்று எடுத்துக்கொள்ளுமா, இல்லையா? அந்த இடத்தில், பக்கத்தில் இருக்கும் நர்ஸ் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது. வெரா அதை ஒப்புக்கொண்டது.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் தயாராகிவிட்டாள்.

அனுமதிக் குழு கூடிய அன்று அமலநாதன் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். விக்கல் விஷயத்தை அவர்களாகக் கேட்டால் ஒழிய எடுக்க வேண்டாம், நிரலில்தான் எழுதியிருக்கிறதே என்று வழியில் சொல்லியிருந்தார். அவளும் சரியென்றிருந்தாள். குழுவினர் எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்திருந்தார்கள். நிறையக் கேட்டார்கள், அவளும் நன்றாகவே பதில் சொன்னாள். கடைசியில் தலைவர், ஒவ்வொரு கூட்டத்திலும் சம்பிரதாயமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார். இந்தக் கருவி எல்லா நேரத்திலும் பாதுகாப்பானதுதானே?

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். தொண்டையில் ஒரு தயக்கம் வந்து நின்றது. எதிரே அமலநாதனின் முகம் தெரிந்தது.

"விக்கல் வந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியலீங்க" என்றாள்.

அவள் சொல்லத் தொடங்கியதை முழுவதும் சொன்னாள். மூச்சு என்று எடுத்துக்கொண்டால் தேவையில்லாத நேரத்தில் காற்றுப் போகும். பெரிய குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. இவ்வளவு சின்னக் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை யாரும் பார்த்ததில்லை. நர்ஸ் பார்த்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறோம். விக்கலைவிட வேகமாக நர்ஸால் ஓடிவர முடியாது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இந்தக் கேள்விக்கு வேறு பதில் இன்றுதான் கேட்கிறேன் என்றார். விக்கலைப் பார்த்துச் சரிசெய்துவிட்டு வாருங்கள் என்று கூட்டத்தை முடித்தார். வண்டியில் திரும்பி அலுவலக வாசலில் இறங்கும்போது அமலநாதன், "சொன்னது சரிதான் அம்மணி. ஆனா புதுச் சட்டைதான் வீணாப் போச்சு" என்றார்.

சம்யுக்தாவுக்குத்தான் பயமாகிவிட்டது. வீட்டுக்குப் போகாமல் பூங்காவில் உட்கார்ந்து லிடியாவை அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள். தொண்டையில் வந்த தயக்கத்தையும் சொன்னாள்.

"நீ தொப்பியே போடலையே" என்றாள் லிடியா.

"ஒரு நாள்கூடப் போடல."

லிடியா மெதுவாகப் பேசினாள். அப்படியென்றால் இது தொப்பியின் வேலை இல்லை. நாள் பூராவும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் யாருக்குமே அப்படிப் பழகிவிடும். வெறும் பழக்கம். அப்படித்தானே?

சொல்லிவிட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"நான் இப்ப வால்பாறையில இருக்கேன்" என்றாள்.

"வால்பாறையிலயா? எப்பப் போன?"

"போகலடி. வீட்டுல கட்டில்ல உக்காந்திருக்கேன்." கட்டிலைத் தட்டும் சத்தம் கேட்டது. "பொய் சொல்லிட்டேன். என்னால முடியுதுடி."

இரண்டு வருடமாக லிடியா பொய் வராது என்று நம்பிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட முயன்று பார்த்ததில்லை. இப்போது சிரிக்க ஆரம்பித்தாள். நான் ஆறடி உயரம், எனக்குப் பாகற்காய் பிடிக்கும், நீ மெலிந்துவிட்டாய் என்று வரிசையாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சம்யுக்தாவும் சிரித்தாள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். போனை வைக்கும் முன், இனிமேல் பொய் சொல்வாயா என்று சம்யுக்தா கேட்டாள். தெரியாது, ஆனால் இனிமேல் சொல்லாமல் இருந்தால் அது என் பெருமைதானே என்றாள் லிடியா.

அடுத்து வந்த நாட்களில் சம்யுக்தாவும் அவள் குழுவும் டாக்டர் மீனலோசனியின் வார்டில் விக்கலுக்காகக் காத்திருந்தார்கள். பழைய கருவிகளில் இருந்த குழந்தைகளின் நெஞ்சசைவைப் பதிவு செய்ய மெல்லிய சென்சார் பட்டைகளை ஒட்டினார்கள். வேண்டும் என்றால் எந்தக் குழந்தைக்கு விக்கல் வரும்? பெரியவர்கள் வட்டமாக நின்று ஒரு துளி வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விக்கல் வந்ததும் நர்ஸ்கள் கைதட்டாமல் கையை மட்டும் அசைப்பார்கள். குழந்தைகளின் அம்மாக்களும் சேர்ந்துகொண்டார்கள். என் பையனுக்கு வந்துவிட்டது, ஓடிவாருங்கள் என்று ஒரு அம்மா கூப்பிட்டபோது டாக்டரே செருப்பில்லாமல் ஓடினார். அந்த ஐந்நூறு கிராம் பெண் இப்போது நன்றாகத் தேறி, அழுகையால் வார்டை ஆண்டுகொண்டிருந்தாள். அதிகமான விக்கல் அவளிடமிருந்துதான் கிடைத்தது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் சம்யுக்தாவுக்கு ஒரு குற்ற உணர்வும், அதைவிடப் பெரிய நன்றியும் ஏற்பட்டன.

விக்கல் மூச்சைப் போல் தொடங்கினாலும் வெட்டி முறிந்து முடிகிறது என்று தெரிந்தது. சிட்டுவுக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். தெரியாது என்று இருந்த இடத்தில் சம்யுக்தா, எப்படித் தெரியும் என்பதை எழுதினாள். அனுமதி வந்தது. முதன்முதலாக ஓர் ஆண் குழந்தைக்குச் சிட்டுவை மாட்டியபோது சத்தமே இல்லை. டாக்டர் காதைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, வேலை செய்கிறதா என்று சந்தேகமாகக் கேட்டார். குழந்தையின் நெஞ்சு, அவசரம் எதுவும் இல்லாமல், ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அமலநாதன் வராந்தாவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் நவநீதன் நாடகத்தை எழுதி முடித்திருந்தான். பல தடவை நீட்டினான். அவள் வேலையைச் சாக்குச் சொல்லி ஒதுங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்குள்ளேயே ராமநாதபுரம் பகுதியில் ஒத்திகை பார்க்கும் கூடத்துக்கே அழைத்துப் போய் உட்காரவைத்தான். அடுக்ககச் சங்கத் தேர்தலில் தெரியாத்தனமாக ஒரு நாய் செயலாளராக ஜெயித்துவிடுகிற கதை. நாயின் முதல் கூட்டத்தில் சம்யுக்தாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்து நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பிறகு கதையில் வக்கீல் ஒருவர் வந்தார். அதற்கப்புறம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நவநீதன் மேடையையே பார்க்காமல் ஓரமாக நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒத்திகை முடிந்து மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். எப்படி என்று அவன் கேட்டான்.

நல்லாருக்கு என்று அவளால் சொல்ல முடியும். தொண்டையில் வருவது வெறும் தயக்கம்தான், ஒரு விழுங்கு விழுங்கினால் தாண்டிவிடலாம் என்று இப்போது தெரியும். அவன் தோள் இறங்குவதற்காகக் காத்திருந்தது.

"மொதப் பாதி நல்லாருக்குங்க" என்றாள். "வக்கீல் வந்ததுக்கப்புறம் எனக்குக் கொட்டாவி வந்துச்சு."

அவன் முந்தின மூன்று நாடகங்களும் எப்படி என்று கேட்டான். அவள் சொன்னாள். தொப்பி வேண்டாம் என்றதற்குத் தலைவலி காரணமில்லை என்பதையும் சொன்னாள். நவநீதன் எழுந்து வெளியே போனான். குழாயைத் திறக்கும் சத்தமும், அது வெகுநேரம் ஓடும் சத்தமும் கேட்டன. சம்யுக்தா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லிடியா சொன்ன பாதி நாளில் எந்தப் பாதி இது என்று நினைத்தாள்.

அவன் ஈர முகத்தோடு திரும்பி வந்து, நாற்காலியை அவளுக்கு எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கொட்டாவி சரியாக எந்த வசனத்தில் வந்தது என்று கேட்டான். வக்கீல் சட்டப் பிரிவைப் படிக்கும் இடம் என்றாள். அவன் அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தான். அடுத்த பக்கத்தையும் அடித்தான். பிறகு பென்சிலை நிறுத்தினான்.

"மொதப் பாதி?"

"நல்லாருக்குங்க."

"நெசமாவா?"

"நெசமா. வயிறு வலிக்குது சிரிச்சு."

அவன் சட்டென்று எழுந்து கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான், நின்றான், பொள்ளாச்சியில் இருக்கும் தன் அம்மாவுக்கு போன் போட்டான். சம்யு முதல் பாதி நல்லாருக்கு என்று சொல்லிவிட்டாள் என்றான். அவள்தான் எப்போதும் அப்படிச் சொல்கிறாளே, இதைச் சொல்லவா கூப்பிட்டாய் என்று அந்தப் பக்கம் அம்மா கேட்பது சம்யுக்தாவுக்கும் கேட்டது.

"இல்லம்மா" என்றான் நவநீதன். "இப்பத்தான் மொத மொத சொல்றா."